பயிற்சி விமானம் விழுந்து உயிர் போனால்: வீட்டார் கேட்கும் கேள்விகள்

2024 பிப்ரவரி 13 மதியம். கோலாலம்பூர் பக்கத்துச் சுபாங் விமான நிலையத்திலிருந்து கிளம்பிய சின்ன விமானம் ஒன்று சில நிமிடங்களில் காப்பார், கம்போங் தோக் மூடாவில் எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக்குள் விழுந்தது. உள்ளே இருந்த இருவரும் இறந்தார்கள். அன்று சாயங்காலம் என் கைப்பேசி ஓயவில்லை. அழைத்தவர்களில் பாதிப்பேர் பிள்ளைகளை விமானிப் படிப்பில் விட்டிருக்கும் அப்பா அம்மாக்கள். எங்கே எந்தச் சின்ன விமானம் விழுந்தாலும் அவர்களிடமிருந்து எனக்கு வரும் கேள்விகள் ஏறக்குறைய இவைதான்.

நான் இருபது வருடத்துக்கு மேல் பறக்கக் கற்றுக்கொடுத்தவன். இப்போது கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறேன். ஆளுக்கு ஆள் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒன்றாக எழுதிவைக்கிறேன். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டிலிருந்து யாராவது இதைப் படித்தால், நேராக "உடல் எப்போது கையில் கிடைக்கும்?" என்ற கேள்விக்குப் போங்கள். மற்றதெல்லாம் பிறகு படிக்கலாம்.

பயிற்சிக்குப் பழைய, ஓட்டை விமானங்களைக் கொடுக்கிறார்களா?

பழையவை இருக்கும், ஓட்டை என்று சொல்ல முடியாது. செஸ்னா 172, பைப்பர் வாரியர் போன்ற விமானங்கள் முப்பது நாற்பது வருடம் பறப்பது உலகம் முழுவதும் சாதாரணம். குறிப்பிட்ட மணி நேரம் பறந்தால் இன்ஜினைக் கழற்றிப் பார்த்தாக வேண்டும், உதிரிப்பாகத்தை மாற்றியாக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கையெழுத்துடன் பதிவு இருக்கும். வயதைக் கேட்காதீர்கள், பராமரிப்புப் பதிவைக் கேளுங்கள்.

பக்கத்தில் அனுபவமுள்ள பயிற்றுநர் உட்கார்ந்திருக்கிறார். பிறகு எப்படி விழும்?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

சின்ன விமானம் பறப்பது இன்ஜின் பலத்தால் மட்டும் இல்லை, இறக்கைமேல் ஓடும் காற்றால். மூக்கை அளவுக்கு மீறித் தூக்கினால் அந்தக் காற்று இறக்கையை ஒட்டி ஓடாமல் பிய்ந்துவிடும். தூக்கும் சக்தி சட்டென்று குறையும். இதைத்தான் ஸ்டால் என்கிறோம். இன்ஜின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்டால் வரும். "இன்ஜின் சத்தம் கேட்டுச்சு, அப்புறம் எப்படி விழுந்தது?" என்று பார்த்தவர்கள் கேட்பதற்குப் பெரும்பாலும் இதுதான் பதில்.

உயரத்தில் ஸ்டால் வந்தால் பயமில்லை. மூவாயிரம் நாலாயிரம் அடிக்கு ஏறி நாங்களே வேண்டுமென்று ஸ்டால் வரவழைத்து, மூக்கை இறக்கி மீளக் கற்றுக்கொடுப்போம். ஆபத்து இருப்பது தரைக்குப் பக்கத்தில். இறங்க வரும் விமானம் ஓடுபாதைக்கு நேராகக் கடைசியாகத் திரும்பும் இடத்தில் ஏறத்தாழ 500 அடி உயரத்தில்தான் இருக்கும். மாணவன் திரும்புவதில் கொஞ்சம் தாமதித்துவிட்டான், ஓடுபாதையின் நேர்கோட்டைத் தாண்டிவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கை தானாக அதிகமாகச் சாய்க்கும், கால் தேவைக்கு மேல் ரட்டரை (வாலில் இருக்கும் திசைத் தகட்டை) அழுத்தும், மூக்கு இறங்குவதைப் பார்த்து இன்னும் இழுக்கும்.

ஒரு கணக்கு சொல்கிறேன். நேராகப் பறக்கும்போது ஏறத்தாழ 50 நாட் (மணிக்கு 50 கடல்மைல்) வேகத்தில் ஸ்டால் ஆகும் விமானம், மூக்கைத் தூக்கிப் பிடித்தபடி 45 பாகை சாய்த்தால் 60 நாட்டிலேயே ஸ்டால் ஆகும். 60 பாகை சாய்த்தால் 70 நாட்டில். இறங்க வரும்போது நாம் வைத்திருக்கும் வேகமோ 65 நாட் சுமார். பத்து விநாடிக்கு முன்பு போதுமானதாக இருந்த அதே வேகம் இப்போது போதாது. ஒரு இறக்கை முதலில் விழுந்தால் விமானம் சுழல ஆரம்பிக்கும். சுழலிலிருந்து மீள ஆயிரம் அடி அளவுக்கு உயரம் வேண்டும். அங்கே இருப்பதோ 500.

பயிற்றுநருக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் கற்றுக்கொடுப்பவரின் வேலையே, மாணவன் தப்புச் செய்ய இடம் கொடுத்து, அதை அவனே திருத்துகிறானா என்று காத்திருப்பது. சீக்கிரம் கைவைத்தால் பையன் கற்க மாட்டான். தாமதித்தால் உயிர் போகும். அந்த இடைவெளி சில சமயம் ஒரே ஒரு விநாடி.

கட்டுப்பாட்டைக் கைமாற்றும்போது பேச்சு தெளிவாக இருக்க வேண்டும் என்பதும் அதனால்தான். "ஐ ஹேவ் கண்ட்ரோல்" என்று நான் சொன்னால் மாணவன் "யூ ஹேவ் கண்ட்ரோல்" என்று சொல்லிக் கையை எடுக்க வேண்டும். எடுக்காமல் பயத்தில் இறுகப் பிடித்துக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒருமுறை ஒரு பையன், ஐம்பது கிலோகூட இருக்க மாட்டான், ஸ்டால் பயிற்சியில் விமானத்தை ஓட்டும் பிடியை மார்போடு அணைத்துக்கொண்டான். என் முழு பலத்தால் தள்ளியும் அது அசையவில்லை. காதில் கத்தினேன், அதன் பிறகுதான் விரல் விரலாகக் கையைத் திறந்தான். அந்த நேரத்தில் எங்களுக்குக் கீழே நாலாயிரம் அடி இருந்தது. அதனால் இதை எழுத நான் இருக்கிறேன்.

இன்ஜின் நின்றால் கல் மாதிரி விழுமா?

இல்லை. செஸ்னா 172 ஆயிரம் அடியிலிருந்து இன்ஜின் இல்லாமலேயே ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர் சறுக்கிப் போகும். வயலோ திடலோ கிடைத்தால் உயிர் தப்ப நல்ல வாய்ப்பு உண்டு.

உயிர் போவது பெரும்பாலும் திரும்ப முயலும்போது. ஓடுபாதையை விட்டு எழுந்த உடனே இன்ஜின் நின்றால், பின்னால் இருக்கும் ஓடுபாதைக்கே திரும்பிவிடலாம் என்று மனசு அடித்துக்கொள்ளும். உயரம் இல்லாமல், வேகம் இல்லாமல் அதிகமாகச் சாய்த்துத் திரும்பினால் மேலே சொன்ன அதே ஸ்டால்தான். அதனால் "நேராகப் போ, எதிரே கிடைத்த இடத்தில் இறங்கு" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுக்கிறோம். கிள்ளான் பள்ளத்தாக்கில் அந்த "எதிரே கிடைத்த இடம்" வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வருகிறது. ரப்பர் தோட்டமாக இருந்ததெல்லாம் இன்று வரிசை வீடுகள்.

கே.எல். வெயிலில் இன்ஜினுக்குள் ஐஸ் பிடிக்கும் என்கிறார்களே, நம்பலாமா?

நம்புங்கள். நம் ஊர் மாதிரி ஈரக்காற்று உள்ள இடத்தில்தான் இதை அதிகம் கவனிக்க வேண்டும். கார்புரேட்டர் உள்ள பழைய இன்ஜின்களில் காற்று குறுகிய வழியாகப் புகும்போதும், அதில் பெட்ரோல் ஆவியாகும்போதும் உள்ளே இருபது பாகைக்கு மேல் சூடு இறங்கிவிடும். வெளியே 28 பாகை, உள்ளே உறைநிலை. காற்றிலிருக்கும் ஈரம் அங்கேயே பனிக்கட்டியாகி மூச்சுக்குழாயை அடைப்பதுபோல அடைக்கும். இறங்கும்போது இன்ஜின் விசையைக் குறைத்து வைத்திருப்போமே, அப்போதுதான் இது அதிகம்.

பார்க்க எப்படி இருக்கும் என்றால், மானியில் இன்ஜின் சுற்று கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். மாணவன் தன் கைதான் நகர்ந்துவிட்டது என்று நினைத்து விசையைக் கூட்டுவான். சரியான செயல், கார்புரேட்டருக்குச் சூடான காற்றை அனுப்பும் குமிழை வெளியே இழுப்பது. இழுத்தவுடன் இன்ஜின் இருமும், உலுக்கும், இன்னும் மோசமானதுபோல் தோன்றும். உருகிய நீரை அது விழுங்குகிறது, அவ்வளவுதான். அந்தச் சில விநாடிகளில் பயந்து குமிழைத் திரும்ப உள்ளே தள்ளிவிடுகிற மாணவர்கள் உண்டு. தள்ளாமல் காத்திருப்பதைத்தான் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

இதோடு சேர்த்து ஒன்று. ராத்திரி கொட்டிய மழையில் வெளியே நின்ற விமானத்தின் எரிபொருள் தொட்டிக்குள், மூடி சரியில்லை என்றால், தண்ணீர் இறங்கும். காலையில் இறக்கைக்கு அடியிலிருந்து ஒரு கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்போம். விமானப் பெட்ரோல் இளநீல நிறம். தண்ணீர் இருந்தால் அடியில் நிறமில்லாமல் உருண்டு நிற்கும். ஒரு நிமிட வேலை. அதை அவசரத்தில் தாண்டிய ஒருவரைக்கூட நான் அன்றைக்கு மேலே போக விட்டதில்லை.

வானிலையா காரணம்?

பல சமயம் ஒரு பங்கு இருக்கும். நம் ஊரில் மதியத்துக்கு மேல் இடிமேகம் கட்டுவதால் காலை வேளையில் அதிகம் பறக்க வைப்போம். பினாங்கில் பாயான் லெப்பாஸ் பக்கம் ஒருபுறம் கடல், ஒருபுறம் மலை. மேகம் தாழ்ந்தால் மலை மறைந்துவிடும். ஜெரேபு என்கிற புகைமூட்டக் காலத்தில் கண்ணுக்குத் தொடுவானமே தெரியாது. வானிலை மோசம் என்பதைவிட, மோசமாகிக்கொண்டிருந்தும் ஏன் கிளம்பினார்கள், ஏன் திரும்பவில்லை என்பதுதான் விசாரணையில் முக்கியமாகும்.

யார் விசாரிப்பார்கள்? போலீஸா?

போலீஸ் முதலில் வரும். பொம்பா, அதாவது தீயணைப்புப் படை, வரும். இடத்தைக் கயிறு கட்டிக் காவல் போடுவார்கள். ஆனால் விமானம் ஏன் விழுந்தது என்பதைக் கண்டுபிடிப்பது போக்குவரத்து அமைச்சின் கீழ் இருக்கும் விமான விபத்து விசாரணைப் பிரிவின் வேலை. ஏ.ஏ.ஐ.பி. என்று செய்திகளில் வருவது அதுதான். விமானிகளுக்கும் பயிற்சிப் பள்ளிகளுக்கும் உரிமம் கொடுக்கும் சி.ஏ.ஏ.எம். வேறு, சிவில் விமானப் போக்குவரத்து ஆணையமான அது 2018-இல் டி.சி.ஏ. என்ற பழைய அரசாங்கத் துறையின் இடத்தில் வந்தது. உரிமம் கொடுத்தவரே விசாரித்தால் தன் கண்காணிப்பில் இருந்த ஓட்டையைத் தானே பார்க்க முடியாது. அதனால் இரண்டும் தனித்தனி. விமானத்தைத் தயாரித்த நாட்டுக்கும் விசாரணையில் தன் ஆளை அமர்த்த உரிமை உண்டு. செஸ்னா என்றால் அமெரிக்காவிலிருந்து வருவார்கள்.

யார் தப்பு என்று எப்போது தெரியும்?

இந்தக் கேள்வியை மாற்றிக் கேளுங்கள் என்று நான் எல்லோரிடமும் கெஞ்சுகிறேன். அனைத்துலக விதிகளின்படி இந்த விசாரணையின் ஒரே நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பது. பழி யாருக்கு, பொறுப்பு யாருக்கு என்று தீர்ப்புச் சொல்வது அதன் வேலை இல்லை. பொதுவாக 30 நாட்களுக்குள் முதற்கட்ட அறிக்கை வரும். என்ன நடந்தது என்ற விவரம் அதில் இருக்கும், காரணம் இருக்காது. இறுதி அறிக்கைக்கு 12 மாதம் என்பது குறி. அதற்குள் முடியாவிட்டால் ஒவ்வொரு நினைவு நாளிலும் விசாரணை எதுவரை வந்திருக்கிறது என்று அறிக்கை விட வேண்டும்.

பொறுத்திருக்கச் சொல்வதற்கு என்னிடம் காரணம் இருக்கிறது. 2023 ஆகஸ்டு 17 அன்று லங்காவியிலிருந்து சுபாங்குக்கு வந்த பீச்கிராஃப்ட் பிரீமியர் ஜெட் பண்டார் எல்மினா நெடுஞ்சாலையில் விழுந்தது. உள்ளே எட்டுப் பேர், சாலையில் போய்க்கொண்டிருந்த இருவர், ஆக பத்து உயிர். அது பயிற்சிப் பறத்தல் இல்லை, ஆனாலும் நம் எல்லோருக்கும் பாடம் அதில் இருக்கிறது. அன்று ராத்திரியே வாட்ஸ்அப்பில் இன்ஜின் வெடித்தது, குண்டு வெடித்தது என்றெல்லாம் ஓடியது. என் சொந்தத் தம்பியே எனக்கு அனுப்பினார். இறுதி அறிக்கை 2024-இல் வந்தபோது காரணம் வேறாக இருந்தது. தரையில் இறங்கிய பிறகு மட்டுமே விரிய வேண்டிய, இறக்கைமேலுள்ள தகடுகள் நடுவானில் விரிந்துவிட்டன. இறங்குவதற்கு முன் செய்யும் சரிபார்ப்பின்போது தவறுதலாக இயக்கப்பட்டதால் அப்படி ஆயிற்று. இந்த வகை விமானத்துக்கான முறையான பயிற்சி இருக்கையில் இருந்த இருவருக்கும் இருந்ததா என்பதுவரை விசாரணை போனது. "யார் தப்பு" என்று மட்டும் கேட்டிருந்தால், கைபட்டது யாருடைய கை என்பதோடு கதை முடிந்திருக்கும். "எப்படி நடந்தது" என்று கேட்டதால்தான் பயிற்சியும் உரிமமும் கண்காணிப்பும் வெளிச்சத்துக்கு வந்தன.

எல்மினா என்ற பெயரைக் கேட்டாலே என் வயதுக்காரர்களுக்கு இன்னொரு நாள் ஞாபகம் வரும். 1977 செப்டம்பர் 27. சுபாங்கில் இறங்க வந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் டி.சி. 8 மோசமான வானிலையில் எல்மினா தோட்டப் பக்கம் குன்றில் மோதி 34 பேர் இறந்தார்கள். ஓடுபாதை கண்ணில் படாமலேயே, இறங்கக் கூடாத உயரத்துக்குக் கீழே இறங்கியிருந்தது. பிறகு 1989 பிப்ரவரி 19 அன்று பூச்சோங் பக்கம் ஃப்ளையிங் டைகர் சரக்கு விமானம் குன்றில் மோதி நால்வர் போனார்கள். "டூ ஃபோர் ஜீரோ ஜீரோ", அதாவது 2,400 அடிக்கு இறங்கு என்று கட்டுப்பாட்டு டவர் சொன்னதில், முதல் "டூ"வை இரண்டு என்ற எண்ணாக எடுக்காமல் ஆங்கில "to" என்று எடுத்து, 400 அடிக்கு என்று விமானி புரிந்துகொண்டார். "நானூறு" என்று அவர் திரும்பச் சொன்னதையும் யாரும் பிடிக்கவில்லை. என் மாணவர்கள் எல்லோருக்கும் முதல் வாரமே இந்தக் கதையைச் சொல்வேன். எண்ணை முழுசாகத் திரும்பச் சொல்லு, சந்தேகம் இருந்தால் வெட்கப்படாமல் இன்னொரு தடவை கேளு என்று. நம் பிள்ளைகளுக்குப் பெரியவர்களிடம் இரண்டாம் முறை கேட்பது மரியாதைக் குறைவு என்று வீட்டில் பழக்கிவிடுகிறோம். டவரிடம் அந்தப் பழக்கம் கூடாது.

கருப்புப் பெட்டி இருக்குமே?

சின்னப் பயிற்சி விமானங்களில் பெரும்பாலும் இருக்காது; அந்த எடையுள்ள விமானங்களுக்கு அது கட்டாயமில்லை. அதற்குப் பதில் ரேடார் பதிவு, டவரோடு பேசிய ஒலிப்பதிவு, ஜி.பி.எஸ். கருவி, கைப்பேசி, வீட்டு வாசல் கேமரா, இறக்கை எப்படி மடங்கியது, உந்தி (புரொப்பெல்லர்) எந்தப் பக்கம் வளைந்தது என்று ஒவ்வொன்றாகக் கோர்ப்பார்கள். உந்தியின் வளைவைப் பார்த்தே இன்ஜின் விசையோடு மோதியதா, நின்றுபோய் மோதியதா என்று சொல்லிவிடலாம். அதனால் தோட்டத்தில் கிடைத்த துண்டை யாரும் நினைவுக்கென்று எடுத்துவராதீர்கள்.

உடல் எப்போது கையில் கிடைக்கும்?

அன்றைக்கே கிடைக்காது என்பதை வீட்டில் யாராவது ஒருவர் மற்றவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். திடீர் மரணம் என்பதால் போலீஸ் புகார் பதிவாகும், அரசாங்க ஆஸ்பத்திரியில் பிரேதப் பரிசோதனை நடக்கும். கோலாலம்பூர் என்றால் பெரும்பாலும் கே.எல். ஆஸ்பத்திரியின் தடயவியல் பிரிவு. எல்மினா விபத்தில் கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். விமானியின் பரிசோதனையில் ரத்தம், மருந்து, இதயம் எல்லாம் பார்ப்பார்கள். உங்கள் பிள்ளைமேல் சந்தேகப்படுகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மயக்கம் வந்ததா, மாரடைப்பா என்பதை இல்லை என்று நிரூபிக்கவும் அதுதான் வழி.

முகம் பார்த்து அடையாளம் சொல்ல முடியாத நிலை இருந்தால் பல் பதிவு, கைரேகை, டி.என்.ஏ. கேட்பார்கள். பல் மருத்துவரின் பெயரை யோசித்து வைத்திருங்கள். பெற்றோர் இருவரும் ஆஸ்பத்திரிக்குக் கிட்டவே இருங்கள். கடைசியாக முகம் பார்க்க வேண்டாம் என்று டாக்டர் சொன்னால் தயவுசெய்து கேளுங்கள். பெட்டி மூடியபடி சடங்கு செய்வதில் குறை ஒன்றும் இல்லை. எந்தப் பண்டாரமும் பூசாரியும் அதற்கு வழி சொல்வார். பதினாறாம் நாள் கணக்கை உடல் கையில் கிடைத்த பிறகு பேசிக்கொள்ளலாம்.

"வலிச்சிருக்குமா, கேப்டன்?"

ஒரு அம்மா கேட்டார்கள். இதைத் தனிக் கேள்வியாக எழுதுவதா என்று யோசித்தேன். எல்லா வீட்டிலும் யாரோ ஒருவர் மனசுக்குள் இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், அதனால் எழுதுகிறேன். சுழன்று விழும் விமானத்தில் கடைசிச் சில விநாடிகள் விமானியின் கண்ணும் கையும் வேலையில் இருக்கும். காப்பாற்றப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். செங்குத்தாக மோதும் விபத்தில் பெரும்பாலும் மரணம் அந்தக் கணமே நேர்கிறது. உங்கள் பிள்ளைக்கு எப்படி என்பதைப் பரிசோதனை செய்த டாக்டர்தான் சொல்ல முடியும். அவரிடம் கேளுங்கள், கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. தெரிந்துகொள்ள வேண்டாம் என்று அப்பாவும், தெரிந்தாக வேண்டும் என்று அம்மாவும் நினைத்தால், ஒருவர் மட்டும் உள்ளே போய்க் கேட்டுவரலாம்.

இன்சூரன்ஸ், நஷ்டஈடு?

வீட்டில் எடுத்திருக்கும் ஆயுள் காப்பீடு, தனிநபர் விபத்துக் காப்பீடு இரண்டையும் இன்றே எடுத்துப் படியுங்கள். கட்டணம் செலுத்தும் பயணியாக அல்லாமல் வேறு வகையில் பறந்தால் பணம் கிடையாது என்று பல பாலிசிகளில் ஒரு வரி இருக்கும். பயிற்சி மாணவன் பயணி இல்லை. மூன்று லட்சம் வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் கட்டிப் படிக்க வைக்கும் குடும்பங்கள் அந்த ஒரு வரியைப் பார்க்காமல் இருப்பது எனக்கு வேதனை. பள்ளி மாணவர்களுக்கென்று தனியாகக் காப்பீடு வைத்திருக்கிறதா, தொகை எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். பயிற்றுநர் சம்பளத்துக்கு வேலை செய்தவர் என்றால் அவர் குடும்பம் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவில் விண்ணப்பிக்க வேண்டும்.

வழக்குப் போட நினைத்தால், 1956-ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 7-வது பிரிவின்கீழ் கணவன் அல்லது மனைவி, பெற்றோர், பிள்ளைகள் ஆகியோருக்காகக் கோரலாம். மரணத்திலிருந்து மூன்று வருடத்துக்குள் தொடுக்க வேண்டும். இறுதி அறிக்கை வரட்டும் என்று உட்கார்ந்திருந்து அந்த மூன்று வருடத்தைத் தவறவிடாதீர்கள். வக்கீலை முன்கூட்டியே பாருங்கள். துக்கத்துக்கான தனித்தொகை 2019 திருத்தத்துக்குப் பிறகு 30,000 வெள்ளி. அதை யார் கோரலாம் என்பதற்கு வரம்பு உண்டு, அதையும் வக்கீலிடமே கேளுங்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் யாராவது காகிதம் நீட்டினால் அன்றைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

விழும் வீடியோ வந்திருக்கிறது. அனுப்பலாமா?

வேண்டாம். விசாரணைக்கு உதவும் என்று தோன்றினால் போலீஸிடம் கொடுங்கள், வேறு யாருக்கும் வேண்டாம். பெயர் வெளியாவதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் விமானத்தின் பதிவெண்ணைப் பார்த்து மகனை இழந்ததைத் தெரிந்துகொண்ட வீடு எனக்குத் தெரியும்.

என் மகள் இப்போது பயிற்சியில் இருக்கிறாள். நிறுத்திவிடட்டுமா?

நிறுத்தச் சொல்ல மாட்டேன். நான் நேசிக்கும் தொழில் இது. ஆனால் வீட்டில் நீங்கள் மாற்றிக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் இத்தனை நேரம் பதில் எழுதினேன்.

மாணவர்களிடம் "நேற்று தூங்கினாயா?" என்று கேட்டால் உண்மை சொல்ல மாட்டார்கள். ஏன் என்று தெரியுமா? அன்றைக்குப் பறக்காவிட்டால் அடுத்த வாய்ப்பு எப்போது என்று தெரியாது. விமானம் பழுது, மழை, பயிற்றுநர் விடுப்பு என்று படிப்பு ஏற்கெனவே இழுத்துக்கொண்டு போகும். அப்பா நிலத்தை அடமானம் வைத்திருப்பார். பயிற்றுநர் இல்லாமல் தனியாகப் பறக்கும் சோலோவைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை அழைப்பில் அத்தை கேட்பார், "இன்னும் சோலோ போகலையா? உன்னோட சேர்ந்த அந்தப் பையன் போயிட்டானாமே." அந்த ஒரு கேள்வி திங்கட்கிழமை காலை காக்பிட்டில் உங்கள் மகளோடு ஏறி உட்கார்ந்துகொள்கிறது. இடதுபக்கம் மேகம் கறுப்பதைப் பார்த்தும் அவள் "திரும்பலாம்" என்று சொல்லாமல் இருப்பதற்கு, திறமைக் குறைவைவிட அது பெரிய காரணமாக இருந்ததை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

முதல் சோலோ பதினைந்து மணி நேரத்தில் போனவர்களும் இருக்கிறார்கள், முப்பதில் போனவர்களும் இருக்கிறார்கள். இருபது வருடம் கழித்து யார் நல்ல விமானி என்பதற்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தம் இல்லை. மகள் அழைத்து "இன்னிக்குப் பறக்கலைப்பா" என்றால், ஏன் என்று கேட்காதீர்கள். "சரிம்மா, சாப்பிட்டியா?" என்று கேளுங்கள்.

பள்ளியில் பார்க்க வேண்டியது: பயிற்றுநர் ஒரு நாளில் எத்தனை முறை மேலே போகிறார், பறக்க மறுத்த மாணவனுக்குப் பணமோ முறையோ போகிறதா, சின்னத் தவறுகளைத் தண்டனையில்லாமல் எழுதிக்கொடுக்க வழி இருக்கிறதா. இந்த மூன்றுக்கும் முகம் சுளிக்காமல் பதில் சொல்லும் பள்ளியில் விடுங்கள். வரவேற்பறையின் சோபாவையும் சுவரில் மாட்டியிருக்கும் படங்களையும் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

விபத்துக்குப் பிறகு மற்ற மாணவர்கள் உடனே பறக்கலாமா?

சிலருக்கு இரண்டு நாளில் முடியும், சிலருக்கு இரண்டு மாதம் ஆகும். முதல் தடவை பயிற்றுநரோடு, நல்ல வானிலையில், எந்தத் தேர்வும் இல்லாமல் ஒரு சுற்றுப் போய்வரட்டும். அழுதால் அழட்டும்.

பிள்ளையின் பொருட்கள், லாக்புக் திரும்பக் கிடைக்குமா?

கைப்பேசியும், ஒவ்வொரு பறத்தலையும் எழுதிவைக்கும் லாக்புக்கும் விசாரணை முடியும்வரை அவர்களிடம் இருக்கும். பிறகு எழுதிக் கேளுங்கள், கொடுப்பார்கள். ஹெட்செட், சட்டை, பையில் இருந்த நோட்டு எல்லாவற்றுக்கும் பட்டியல் போட்டுக் கேளுங்கள்.

லாக்புக் கிடைத்ததும் ஒன்றைப் பார்ப்பீர்கள். கடைசிப் பறத்தல் அதில் இருக்காது. இறங்கிய பிறகு உட்கார்ந்து எழுதுவதுதான் வழக்கம் என்பதால், அதற்கு முந்தைய நாளோடு பிள்ளையின் கையெழுத்து நின்றிருக்கும். பல வருடங்களுக்கு முன்பு ஒரு அப்பா, இரும்புக் கடை வைத்திருந்தவர், அந்த லாக்புக்கை பிளாஸ்டிக் பையில் சுற்றி என் வீட்டுக்குக் கொண்டுவந்தார். மகன் என் மாணவன் இல்லை, வேறு இடத்தில் படித்தவன். "அந்த வரியை நீங்க எழுதிக் கொடுங்க கேப்டன், குறையா கெடக்கு" என்றார். தேதி எழுதினேன். விமானத்தின் வகை, பதிவெண், பயிற்றுநரோடு என்ற குறிப்பு, புறப்பட்ட நேரம் எல்லாம் எழுதினேன். அடுத்த கட்டத்துக்குப் பேனா போனபோது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இறங்கிய நேரத்தை எழுத விடவில்லை.